‘இலவச’ கசினோ பயணம்: அழைப்பில் எழுதப்படாத கணக்கு

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ உள்ள ஒரு வீட்டுத் தபால்பெட்டிக்கு வழுவழுப்பான தடித்த உறை ஒன்று வருகிறது. உள்ளே உங்கள் பெயர் அச்சிட்ட அழைப்பு. இரண்டு இரவுகளுக்கு ஹோட்டல் அறை இலவசம். இரண்டு பேருக்குச் சாப்பாடு இலவசம். விளையாடுவதற்கு 50 டொலர் இலவசம். சில வேளைகளில் போய்வரும் பஸ்ஸும் இலவசம். கொழும்பில் இதே அழைப்பு தொலைபேசி வழியாக, ஒரு முகவரின் குரலில் வரும்: விமானச் சீட்டு, அறை, வாகனம், குடிவகை எல்லாம் எங்கள் செலவு, நீங்கள் வந்தால் மட்டும் போதும்.

உண்மையான கசினோவிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. போனால் அறை கிடைக்கும், சாப்பாடும் கிடைக்கும். அதற்கான விலையை யார், எப்போது, எப்படிக் கொடுக்கிறார் என்பது மட்டும் அந்தத் தாளில் இராது. புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஊரிலும் எங்கள் ஆட்களுக்கு இத்தகைய அழைப்புகள் வருவதால், அந்தக் கணக்கை விளங்கிக்கொள்வது பயன்தரும்.

யாருக்கு வருகிறது?

முன்பின் தெரியாத ஒருவருக்குக் கசினோ இரண்டு இரவு அறையை இலவசமாகக் கொடுப்பது அரிது. அழைப்பு வந்திருக்கிறது என்றால், அந்த முகவரியில் உள்ள ஒருவர் ஏற்கெனவே அங்கே விளையாடியிருக்கிறார் என்பதே பெரும்பாலும் பொருள். முதல் தடவை போகும்போது வாசலில் ஓர் அங்கத்துவ அட்டை கொடுப்பார்கள். கட்டணம் இல்லை, பெயரும் முகவரியும் அடையாள அட்டையும் போதும். அந்த அட்டையை ஸ்லொட் மெஷினில் செருகியதும், அல்லது மேசையில் இருப்பவரிடம் கொடுத்ததும், உங்கள் ஒவ்வொரு பந்தயமும் பதிவாகத் தொடங்குகிறது. எத்தனை மணிக்கு வந்தீர்கள், எந்த விளையாட்டு, ஒரு தடவைக்குச் சராசரியாக எவ்வளவு, எத்தனை மணிநேரம் இருந்தீர்கள் என்பதெல்லாம் கணினியில் ஏறும். அழைப்பில் வரும் அறையும் சாப்பாடும் இந்தப் பதிவிலிருந்துதான் முடிவாகின்றன.

ஒன்ராறியோவில் உள்ளவர்களுக்கு இந்த இடங்கள் தூரமும் இல்லை. ஒறில்லியாவுக்கு அருகே கசினோ ராமாவும், நயாகராவில் கசினோ நயாகராவும் 1996இல் திறக்கப்பட்டன. ஃபோல்ஸ்வியூ 2004இல் வந்தது. ஸ்காபரோவிலிருந்து சிறிது நேரக் கார்ப் பயணத்தில் போகக்கூடிய பிக்கறிங் கசினோ 2021இல் திறக்கப்பட்டது. இலங்கையில் நீண்டகாலமாகக் கொழும்பில் இயங்கிவந்த கசினோக்களுடன், 2025 ஆகஸ்டில் சிற்றி ஒஃப் ட்றீம்ஸ் என்ற பெரிய வளாகமும் சேர்ந்துகொண்டது.

இலங்கையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளிநாட்டவர்களை விமானச் சீட்டுக் கொடுத்து அழைக்கும் அதே கசினோக்களுக்குள் இலங்கைக் குடிமக்கள் நுழைய, அரசு ஆளுக்கு 50 அமெரிக்க டொலர் கட்டணம் விதித்திருந்தது. அதை 100 டொலராக உயர்த்த 2025இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சொந்த மக்கள் இதற்குள் இலகுவாகப் போகக்கூடாது என்று அரசே கருதும் ஓர் இடத்துக்குத்தான் இலவச அழைப்பு வருகிறது.

கசினோ போடும் கணக்கு

ஒவ்வொரு விளையாட்டிலும் கசினோவுக்கு ஒரு நிரந்தரப் பங்கு உண்டு. ஏமாற்று வேலை எதுவும் இல்லாமலே, விளையாட்டின் விதியிலேயே அது கட்டப்பட்டிருக்கிறது. ரூலட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப் பூச்சியம் உள்ள சக்கரத்தில் 37 குழிகள் உள்ளன. ஒவ்வொரு எண்ணிலும் ஒரு டொலர் வீதம் 37 டொலரை வைத்தால், எந்த எண் விழுந்தாலும் உங்கள் கைக்குத் திரும்புவது 36 டொலர். அந்த ஒரு டொலர்தான் கசினோவின் பங்கு, அதாவது 2.7 வீதம். இரட்டைப் பூச்சியமும் சேர்ந்த 38 குழிச் சக்கரத்தில் இது 5.26 வீதமாகிறது.

பக்கராவில் ‘பாங்கர்’ பக்கம் வைத்தால் கசினோவின் பங்கு ஏறத்தாழ 1.06 வீதம், ‘பிளேயர்’ பக்கம் 1.24 வீதம். ஆனால் அதே மேசையில் ‘டை’ என்று இரண்டும் சமமாகும் என வைத்தால், பங்கு 14 வீதத்தையும் தாண்டுகிறது. பிளாக்ஜாக்கை முறையாகக் கற்று விளையாடுபவருக்கு அது அரை வீதமளவிலும் இருக்கலாம், ஊகத்தில் விளையாடுபவருக்கு அதன் பல மடங்காகவும் இருக்கலாம். ஸ்லொட் மெஷின்களில் பங்கு பொதுவாக மேசை விளையாட்டுகளின் வழமையான பந்தயங்களை விட அதிகம்.

இனி அழைப்புக் கடிதத்தின் கணக்கு. ஒரு தடவைக்கு ஒரு டொலர் வீதம் ஸ்லொட் மெஷினில் விளையாடும் ஒருவர், மணிக்கு ஏறத்தாழ 500 தடவை பொத்தானை அழுத்துகிறார் என்று வைப்போம். இது ஒன்றும் மிகையான வேகம் இல்லை. மணிக்கு 500 டொலர் பந்தயம் போகிறது. மெஷினின் பங்கு 10 வீதம் என்றால், மணிக்கு 50 டொலர் கசினோவுக்கு எதிர்பார்க்கும் வரவு. நாளுக்கு நான்கு மணிநேரம், இரண்டு நாட்கள் என்றால் 400 டொலர். இந்தத் தொகையில் பொதுவாக 20 முதல் 40 வீதம் வரை, அதாவது 80 முதல் 160 டொலர் வரை, அறையாகவும் சாப்பாடாகவும் ஆட்டத் தொகையாகவும் திருப்பிக் கொடுக்கக் கசினோ தயாராக இருக்கிறது.

இதுதான் ‘இலவசம்’ என்பதன் முழு விளக்கம். நீங்கள் இழப்பீர்கள் என்று கணக்கிட்ட தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டியே பண்டமாகத் தருகிறார்கள். வார நாட்களில் எப்படியும் வெறுமையாகக் கிடக்கும் அறை என்பதால், அவர்களுக்கு அதன் உண்மைச் செலவு இன்னும் குறைவு. பெரும்பாலான இலவச அறைகள் வெள்ளி, சனி இரவுகளில் கிடைக்காததற்குக் காரணமும் அதுவே.

ஒருவர் ஒரு பயணத்தில் வென்று திரும்பலாம். அது நடக்கும், நடக்காவிட்டால் யாரும் போகமாட்டார்கள். ஆனால் கசினோ ஒருவரின் ஒரு நாளைப் பார்ப்பதில்லை, எல்லாருடைய எல்லா நாட்களையும் சேர்த்துப் பார்க்கிறது. சென்ற தடவை வென்றவருக்கும் அடுத்த அழைப்பு வருவது, அவர் திரும்ப வந்தால் கணக்குச் சரியாகிவிடும் என்பதால்தான்.

‘85 வீதம் திருப்பிக் கிடைக்கும்’ என்றால் என்ன?

ஒன்ராறியோவில் ஸ்லொட் மெஷின்கள் நீண்டகாலச் சராசரியில் குறைந்தது 85 வீதத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்பது விதி. ‘100 டொலரோடு போனால் 85 டொலரோடாவது வரலாம்’ என்று பலர் இதை விளங்கிக்கொள்கிறார்கள். அது தவறு. அந்த வீதம் கொண்டுபோன காசுக்கு உரியதில்லை, போடும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரியது.

10 வீதப் பங்கு எடுக்கும் மெஷினில் 100 டொலரை ஒரு தடவை முழுவதும் பந்தயமாக வைத்தால், சராசரியாக 90 திரும்பும். யாரும் அதோடு எழும்புவதில்லை. அந்த 90ஐயும் மீண்டும் வைத்தால் 81, பிறகு 73. இப்படி ஏழு முறை சுழன்றதும் பாதிக்கும் குறைவாகிவிடும். 500 தடவை அழுத்தும் ஒரு மணிநேரத்தில் 100 டொலர் ஐந்து முறை சுழல்கிறது. பெரிய பந்தயம் வைத்தவர் மட்டும்தான் தோற்பார் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பிழைத்துப்போகிறது. சிறிய பந்தயத்தை நெடுநேரம் வைப்பவரும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறார். கசினோ உங்களிடம் முதலில் விரும்புவது உங்கள் நேரத்தை. அறை தருவது அதற்காகத்தான்.

கடிதத்தில் உள்ள சொற்கள்

இலவச ஆட்டத் தொகை: 50 டொலர் என்று இருந்தாலும் அதைக் காசாக எடுக்க முடியாது. மெஷினில் விளையாடித்தான் தீர்க்க வேண்டும், அதில் வென்றதை மட்டும் எடுக்கலாம். ஒரே சுற்றோடு நிறுத்தி எடுப்பவருக்கு அதன் பெறுமதி சராசரியில் 45 டொலரளவில் இருக்கும். பெரும்பாலானோர் நிறுத்துவதில்லை. ‘பொருத்து’ வவுச்சர் என்றால், உங்கள் சொந்தக் காசையும் அதே அளவு வைத்தால்தான் அது செல்லும்.

அறை: அறைக்கு வாடகை இல்லாவிட்டாலும் பதியும்போது கடனட்டை கேட்பார்கள். வாகனத் தரிப்பு, குளிர்சாதனப் பெட்டியில் உள்ள பானம், அறைக்குக் கொண்டுவரும் சாப்பாடு எல்லாம் அதில் ஏறும். லாஸ் வேகாஸ் போன்ற இடங்களில் ‘றிசோர்ட் கட்டணம்’ என்று நாளொன்றுக்கு ஒரு தொகை உண்டு. இலவச அறைக்கு அது விலக்கா இல்லையா என்பதைப் பதியும் முன்பே கேட்க வேண்டும். கப்பல் பயணம் இலவசம் என்றால், துறைமுக வரியும் பணியாளர் அன்பளிப்பும் பெரும்பாலும் உங்கள் கணக்கிலேயே வரும்.

தகுதி: அழைப்பு பெயருக்கு உரியது. மகனின் அழைப்பில் தாய் போய் அறை எடுக்க முடியாது. ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் குறைந்தவர்கள் கசினோத் தளத்துக்குள் நுழைய முடியாது. ‘குடும்பத்தோடு ஒரு விடுமுறை’ என்று நினைத்துப் போனால், பிள்ளைகள் அறையிலும் பெற்றோர் கீழேயும் இருக்கும் விடுமுறையாக அது முடிந்துவிடும்.

பஸ்: புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் அவர்களுடையவை. கையில் இருந்த காசு முதல் மணிநேரத்தில் முடிந்தாலும், பஸ் வரும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். பக்கத்திலேயே பணம் எடுக்கும் இயந்திரம் இருக்கும்.

விளையாடாமல் அறையை மட்டும் பயன்படுத்திவிட்டு வரலாமா? வரலாம். பொதுவாக யாரும் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பயணமும் பதிவில் ஏறும், அடுத்த அழைப்பு சிறிதாகும் அல்லது வராது. அப்படி வராமற்போவது ஒரு நட்டம் இல்லை. ‘நல்ல அழைப்பைத் தக்கவைக்க வேண்டும்’ என்று கூடுதலாக விளையாடுவதுதான் நட்டம். 100 டொலர் பெறுமதியான அறைக்காக 400 டொலரை இழப்பவர், வாடகை கொடுத்தே அதே அறையில் தங்கியிருக்கலாம்.

முற்பணம் கட்டிப் போகும் பயணங்கள்

விமானச் சீட்டோடு வரும் அழைப்புகள் வேறு வகை. கொழும்புக்கு இந்தியாவிலிருந்து வரும் கசினோப் பயணிகள் பலர் இப்படித்தான் வருகிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர்ந்தோரையும் முகவர்கள் இதே முறையில் அணுகலாம். இதற்கு ‘ஜங்கெட்’ என்று பெயர். முகவர் ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவருவார், அவர்கள் வைக்கும் பந்தயத்தில் அவருக்குத் தரகு கிடைக்கும்.

இங்கே ஒரு தொகையை முற்பணமாகக் கட்ட வேண்டும். 5,000 டொலர் என்று வைப்போம். அதற்குச் சாதாரண சிப்புகள் கிடைப்பதில்லை, காசாக மாற்ற முடியாத சிறப்புச் சிப்புகள் கிடைக்கும். அவற்றைப் பந்தயத்தில் வைக்கத்தான் முடியும். வென்றால் வெற்றிப் பணம் காசாக மாற்றக்கூடிய சிப்பில் வரும். தோற்றால் சிறப்புச் சிப்பு போய்விடும். ஆக, ‘வேண்டாம், காசைத் திருப்பித் தாருங்கள்’ என்று இடையில் எழும்ப வழியில்லாதபடி அந்த முறை அமைக்கப்பட்டிருக்கிறது.

அதோடு மொத்தப் பந்தயம் முற்பணத்தின் இத்தனை மடங்காவது போக வேண்டும் என்று நிபந்தனையும் இருக்கும். உதாரணமாக ஐந்து மடங்கு என்றால் 25,000 டொலர் பந்தயம். பக்கராவில் ஏறத்தாழ 1.2 வீதம் என்று கொண்டால் எதிர்பார்க்கும் இழப்பு 300 டொலர். இரட்டைப் பூச்சிய ரூலட்டில் 1,315 டொலர். 10 வீத ஸ்லொட்டில் 2,500 டொலர். சராசரி அதுதான் என்றாலும், ஒரே பயணத்தில் முழு முற்பணமும் போய்விடுவது சாதாரணமாக நடக்கக்கூடியது. நிபந்தனையை எட்டாமல் திரும்பினால் விமானச் சீட்டுக்கும் அறைக்கும் பணம் கழிக்கப்படுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முகவர் எழுத்தில் தர மறுத்தால், பதில் கிடைத்துவிட்டது என்றே கொள்ளலாம்.

கடவுச்சீட்டைப் பார்க்க, பிரதி எடுக்கக் கேட்பது வழமை. அதை முகவரோ வேறு எவருமோ ‘வைத்துக்கொள்ள’ விடாதீர்கள்.

கடனாக விளையாடச் சொன்னால்

கொண்டுவந்த காசு தீர்ந்த இடத்தில்தான் பெரிய ஆபத்து தொடங்குகிறது. அமெரிக்கக் கசினோக்களில் ‘மார்க்கர்’ என்ற கடன்தாளில் கையெழுத்து வைத்து சிப்பு வாங்கலாம். நெவாடா மாநிலத்தில் அது வங்கிக் காசோலைக்குச் சமமாகக் கருதப்படுகிறது. கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் குற்றவியல் வழக்குக்கும் இடமுண்டு. கடனட்டையில் காசாக எடுத்தால் கட்டணமும், எடுத்த அன்றிலிருந்தே வட்டியும் ஏறும். பொருள் வாங்கும்போது கிடைக்கும் தவணைச் சலுகை அதற்குக் கிடையாது. பிரித்தானியாவில் 2020 ஏப்ரல் முதல் கடனட்டையால் சூதாடுவதே தடைசெய்யப்பட்டுள்ளது.

இவற்றைவிட மோசமானது தனியாரின் கடன். கசினோவில் கூடவே நின்று ‘வென்றதும் தாருங்கள்’ என்று கொடுப்பவர், அதை ஊரில் உள்ள உங்கள் பெற்றோரிடம் கேட்டு வரக்கூடியவராகவும் இருக்கலாம். காணி உறுதி, நகை, சீட்டுக் காசு எதையும் இதற்குப் பிணையாக வைக்க வேண்டாம். சீட்டுக் காசு உங்களுடைய காசு மட்டும் இல்லை, அதில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

எல்லையும் வரியும்

கனடாவிலிருந்து அமெரிக்கா போகும்போதும் திரும்பும்போதும் 10,000 டொலரோ அதற்கு மேலோ காசு கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் வரி இல்லை, மறைத்தால் பறிமுதல் செய்யலாம். கனடாக் கசினோக்கள் 24 மணிநேரத்துக்குள் 10,000 டொலரோ அதற்கு மேலோ காசாகப் பெற்றாலும் கொடுத்தாலும் நிதி உளவு நிறுவனமான ஃபின்ட்ராக்குக்கு அறிக்கை அனுப்பச் சட்டப்படி கடமைப்பட்டவை.

கனடாவில் பொழுதுபோக்காக விளையாடுபவரின் வெற்றிப் பணத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் கனடாவில் வாழும் ஒருவர் அமெரிக்காவில் ஸ்லொட் மெஷினில் பெரிய தொகை வென்றால், 30 வீதத்தை அங்கேயே பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பிளாக்ஜாக், பக்கரா, ரூலட் போன்றவற்றுக்கு இந்தப் பிடிப்பு இல்லை. இழப்புகளை நிரூபித்து அந்த வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற கனடா–அமெரிக்க வரி உடன்படிக்கை வழிசெய்கிறது. அதற்குப் பதிவுகள் வேண்டும்.

போலி அழைப்புகள்

இதுவரை சொன்னது உண்மையான கசினோக்கள் பற்றி. அவற்றின் பெயரால் வரும் மோசடிகள் தனி. ‘நீங்கள் பயணம் ஒன்றை வென்றிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்றாலோ, ‘வரியை முதலில் கட்டுங்கள்’ என்றாலோ, பரிசு அட்டை வாங்கி அதன் இலக்கத்தைக் கேட்டாலோ அது மோசடி. சரிபார்க்க வேண்டுமானால், வந்த செய்தியில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு, கசினோவின் சொந்த இணையத்தளத்தில் உள்ள இலக்கத்தை அழையுங்கள்.

ஊரில் உள்ள இளையோருக்கு இன்னும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை, விமானச் சீட்டும் தங்குமிடமும் இலவசம் என்று அழைக்கப்பட்ட இலங்கை இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் உள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டிருக்கிறார்கள். கசினோக்களைச் சுற்றி வளர்ந்த எல்லை நகரங்களிலேயே இத்தகைய முகாம்கள் பல இயங்கின. சுற்றுலா விசாவில் ‘கசினோ வேலை’, ‘கணினி வேலை’ என்று யார் அழைத்தாலும், புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரியுங்கள்.

எங்கள் வீடுகளில்

போரைக் கடந்து வந்தவர்களுக்கு இந்த அழைப்பு வேறு விதமாகவும் கேட்கும். இரவில் நித்திரை வராதவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நாள் முழுவதும் நாலு சுவரைப் பார்த்திருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வேலை செய்து ஊருக்குக் காசு அனுப்பி, தனக்கென்று ஒன்றும் மிஞ்சாத ஆண்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லி வரவேற்கும் இடம், வெளிச்சம், சாப்பாடு, யாரும் எதையும் கேட்காத இருக்கை. மெஷினின் முன் இருக்கும்போது வேறு எதுவும் நினைவில் வருவதில்லை என்பதே சிலருக்கு அதன் ஈர்ப்பு. மனவடு உள்ளவர்களிடம் சூதாட்டச் சிக்கல் கூடுதலாகக் காணப்படுவது பல நாடுகளிலும் அறியப்பட்ட விடயம். இதை ஒழுக்கக் குறைவு என்று ஏசுவதால் யாரும் மீண்டதில்லை. ஏச்சுக்குப் பயந்து மறைப்பவர் மேலும் கடன்படுகிறார்.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கக்கூடிய அடையாளங்கள் சில: அழைப்புகள் அடிக்கடி, முன்பைவிடப் பெரிதாக வருதல், வங்கிக் கடிதங்களை மறைத்தல், சீட்டை முன்கூட்டியே எடுத்தல், ஊருக்கு அனுப்பும் காசு காரணமின்றிப் பிந்துதல், ‘விட்டதை எடுத்துவிட்டு நிறுத்துகிறேன்’ என்ற பேச்சு. அழைப்பு பெரிதாவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இழப்பு பெரிதாகியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வீட்டில் இராது.

போவதாக முடிவெடுத்தால்

போவது குற்றம் இல்லை. நயாகராவைப் பார்த்து, ஒரு நாள் வேலையில்லாமல் இருந்துவிட்டு வர விரும்புவது இயல்பு. அப்படியானால்:

– போகும் முன் ஒரு தொகையை முடிவெடுங்கள். அது திரும்பி வராது என்றே எண்ணுங்கள். வாடகை, மோட்கேஜ், ஊருக்கு அனுப்பும் காசு, சீட்டு ஆகிய நான்கும் கட்டிய பின் மிஞ்சியதிலிருந்து மட்டும் அது வர வேண்டும்.

– அந்தத் தொகையைக் காசாகக் கொண்டுபோங்கள். வங்கி அட்டைகளை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். அறைக்குக் கடனட்டை தேவையென்றால், விளையாடாத துணையிடம் அது இருக்கட்டும்.

– நேரத்துக்கும் எல்லை வையுங்கள். கசினோத் தளத்தில் சன்னலும் மணிக்கூடும் காண்பது அரிது.

– குடித்துவிட்டு விளையாடாதீர்கள். கொழும்பில் விளையாடுபவருக்குக் குடிவகையை இலவசமாகக் கொடுப்பது தாராள மனத்தால் இல்லை.

– வென்றால், வென்றதைப் பிரித்து வையுங்கள். அதோடு மீண்டும் மேசைக்குப் போக வேண்டாம்.

– ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் அட்டையில் பதிந்துள்ள வெற்றி–இழப்பு அறிக்கையைக் கசினோவிடம் கேளுங்கள். பல கசினோக்கள் கேட்டால் தரும். நினைவில் வெற்றிகள் தங்கும், தாளில் எல்லாம் தங்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து அந்தத் தாளைப் பார்த்தால் பல வாக்குவாதங்களுக்கு இடமிராது.

நிறுத்த விரும்பினால்

அழைப்பு மட்டும் வேண்டாம் என்றால், விளம்பரப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும்படி கசினோவிடம் கேட்கலாம். அது போதாது என்றால் ‘சுயவிலக்கு’ என்று ஒன்று உண்டு. உங்களை உள்ளே விடக்கூடாது என்று நீங்களே எழுதிக்கொடுப்பது அது. ஒன்ராறியோவில் ‘மை பிளேபிரேக்’ என்ற பெயரில் இது நடைமுறையில் உள்ளது. பதிந்தவர்களுக்கு விளம்பர அழைப்புகளும் நிறுத்தப்படும். கொனெக்ஸ் ஒன்ராறியோவின் 1-866-531-2600 இலக்கத்தில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால், ‘தமிழ்’ என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

பிரித்தானியாவில் கசினோக்களுக்கு ‘சென்ஸ்’, இணையச் சூதாட்டத்துக்கு ‘கேம்ஸ்ரொப்’ ஆகிய சுயவிலக்கு முறைகள் உள்ளன. தேசிய உதவி இலக்கம் 0808 8020 133. பிரான்சில் விண்ணப்பித்தால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கசினோ வாசல் மூடப்படும். சுவிசில் வருமானத்துக்கு மீறி விளையாடுபவரைத் தடைசெய்யக் கசினோவுக்கே சட்டக் கடமை உண்டு, அந்தத் தடை நாடு முழுவதற்கும் செல்லும். அவுஸ்திரேலியாவில் இணையப் பந்தயத்துக்கு 2023 முதல் ‘பெட்ஸ்ரொப்’ உள்ளது. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் இதுபற்றிப் பேசலாம். 2025இல் நிறைவேறிய சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் கசினோக்களைக் கண்காணிக்க ஒரு தனி அமைப்பை உருவாக்க வழிசெய்திருக்கிறது. அது நடைமுறையில் விளையாடுபவரைக் காக்கிறதா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும்.

அந்த உறை மீண்டும் வரும். வரும்போது உடனே கிழிக்கவோ உடனே புறப்படவோ தேவையில்லை. மேசையில் வைத்து வீட்டாரோடு ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த இரண்டு இரவுக்காக எங்களிடமிருந்து எவ்வளவு வரும் என்று அவர்கள் கணக்கிட்டிருப்பார்கள்? அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இந்த மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகையையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு எடுக்கும் முடிவு, எதுவாக இருந்தாலும், உங்களுடையதாக இருக்கும்.